ஒரு நூல் இறங்காத தண்ணீர்

1946 மே மாதத்தில் தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. தண்ணீர் சுமக்கிற சண்முகத்தாய் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடம் ஊற்றிவிட்டுப் போவாள். கொல்லையில் கிணறு உண்டு. ஆனால் அந்தத் தண்ணீர் கரிக்கும். துவைக்கவும் குளிக்கவும்தான் ஆகும். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது கிணறு அப்படித்தான் இருக்கும். நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் இதைச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

என் பெயர் கிருபாநிதி. ஓர் உப்பளத்தில் குமாஸ்தா. வீட்டில் நானும் என் மனைவி பிளாரன்ஸும்தான். பிள்ளைகள் இல்லை.

நீங்கள் முதலில் கேட்டது அந்தக் கண்ணாடித் தொட்டியைப் பற்றி. கப்பல் ஏஜென்டாக இருந்த ஒரு துரை ஊருக்குப் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முத்துக் குளிக்கப் போகிற ஒருவர் பாறையடியிலிருந்து இரண்டு மீன்களைப் பிடித்துத் தந்தார். செங்காவி நிறம், உடம்பில் வெள்ளைப் பட்டை. நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் அவையும் வரும். சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். எதையும் கேட்காது.

அவற்றுக்கு முன்பு வைத்திருந்த மீன்கள் செத்துப்போயின. தப்பு என்னுடையது. வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றும். வற்றிய அளவுக்குக் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வெயில் எடுத்துக்கொண்டு போவது தண்ணீரை மட்டும்தான். உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. மேலும் மேலும் கடல் தண்ணீர் ஊற்றினால் தொட்டி மெல்ல உப்புப் பாத்தியாகிவிடும். பகலெல்லாம் பாத்திகளில் பார்க்கிற விஷயம் வீட்டில் எனக்குத் தெரியாமல் போயிற்று. வற்றியதற்கு ஈடாக நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அதையும் மொத்தமாக ஊற்றக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, வற்ற வற்றச் சேர வேண்டும்.

அதற்கு ஒரு வழி செய்தேன். பெரிய கண்ணாடிக் குப்பி ஒன்றில் நல்ல தண்ணீரை நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் வாய் தொட்டித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி ஒரு மரச்சட்டத்தில் கட்டினேன். தொட்டித் தண்ணீர் ஒரு நூல் அளவு இறங்கினால் குப்பியின் வாய் திறந்துகொள்ளும். ஒரு குமிழி உள்ளே ஏறும், அந்த அளவுக்குத் தண்ணீர் கீழே வரும், வாய் மூடிக்கொள்ளும். ஆள் வேண்டாம். நான் அளத்தில் இருக்கும்போதுகூட வீட்டில் அந்தக் குமிழி ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அது ஒரு துணை மாதிரி இருந்தது.

சண்முகத்தாய் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கடல் மீனுக்கு நல்ல தண்ணியா அண்ணாச்சி? நாளைக்கு அதுகளுக்குக் காப்பியும் போட்டுக் குடுப்பிய போலுக்கே."

பிளாரன்ஸுக்கு அந்த வருஷம் தை மாதத்தில் உடம்புக்கு வந்தது. கால் வீங்கியது, பிறகு முகம். நீர் கோத்துக்கொள்கிறது என்றார் டாக்டர். சாப்பாட்டில் உப்பு ஒரு கல்கூட ஆகாது என்றார். நான் அதைத் தவறாமல் செய்தேன். கஞ்சியும் காய்கறியும் உப்பில்லாமல் நானே சமைத்தேன். கோயில் சபையில் விசாரித்துப் பாருங்கள், எல்லாரும் சொல்வார்கள்.

அவளால் எழுந்து நடக்க முடியவில்லை. நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் கூப்பிட ஆரம்பிப்பாள். தண்ணீர் வேண்டும் என்பாள். கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "கொஞ்சம் இருங்களேன்" என்பாள். தெருவில் யார் போனது, காக்காய் எதைத் தூக்கிக்கொண்டு போனது என்று பகல் முழுக்கச் சேர்த்துவைத்ததையெல்லாம் சொல்வாள். நான் வேலை செய்து களைத்து வந்திருப்பேன்.

ஆகவே அவள் கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு குப்பியைக் கவிழ்த்துக் கட்டினேன். கீழே ஒரு பீங்கான் கிண்ணம். டம்ளரால் மொண்டு குடித்தால் கிண்ணம் தானாக நிரம்பிக்கொள்ளும்.

அவள் அதைச் சிறிது நேரம் பார்த்தாள். "மீனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா? என்னையும் கண்ணாடிக்குள்ள போட்டுருங்க. உங்களுக்குப் பாத்துக்கிட்டு இருக்க வசதியா இருக்கும்" என்றாள். அவளுக்கு எப்போதும் கேலி உண்டு.

அதன் பிறகு அவள் தண்ணீருக்காகக் கூப்பிடவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

மே மாதத்தில் தண்ணீர் குறைந்தது. வெக்கையில் தொட்டிக் குப்பி சீக்கிரம் காலியாயிற்று. ஒரு குடத்தில் தொட்டிக்கும் சமையலுக்கும் போக மிச்சம் இல்லை. தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அளத்தில் உப்பின் கடுமையை டிகிரி பார்க்கிற மிதவைக் கண்ணாடி ஒன்று என்னிடம் உண்டு. அதைப் போட்டுப் பார்த்தபோது டிகிரி மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. உடனே நிறுத்திவிட்டேன்.

கட்டில் குப்பிக்குக் கிணற்றுத் தண்ணீரை மாற்றியது அந்த வாரத்தில்தான். பச்சையாகக் கொடுக்கவில்லை. சீரகம் போட்டு, நன்றாகக் கொதிக்கவைத்து, சுண்டிய பிறகு ஆறவைத்துத்தான் நிரப்பினேன்.

அவள் முதல் நாளே சொன்னாள். "தண்ணி கரிக்குதே."

"சீக்குல நாக்கு செத்துப்போயிருக்கும். உனக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும்" என்றேன்.

"அப்படியா சொல்லுதீங்க?" என்று இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். பிறகு டம்ளரைக் காலி செய்தாள். தாகம் அதிகமாயிற்று. கிண்ணம் அடிக்கடி நிரம்பியது. அடுத்த அறையிலிருந்தே குமிழிச் சத்தம் கேட்கும்.

நான் எங்கே தண்ணீர் குடித்தேன் என்று கேட்டீர்கள். அளத்தில் எங்களுக்குப் பானையில் நல்ல தண்ணீர் வைப்பார்கள். அங்கே குடித்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள்: "ஊருல தண்ணி இல்லாம கெடக்கு. அந்த மீனுகள கடல்லயே விட்டுருங்களேன், பாவம்."

"அதுகளும் போய்ட்டா இந்த வீட்டுல எனக்கு யாரு இருக்கா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் யோசித்துச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னேன். அந்த வீட்டில் நான் மிகவும் தனியாக இருந்தேன். அது உங்களுக்குப் புரியாமல் போகலாம்.

வீக்கம் வயிற்றுக்கு ஏறியது. படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருந்தாள். டாக்டர் வந்து, "உப்பு சேர்க்கவில்லையே?" என்று கேட்டார். சாப்பாட்டில் சேர்க்கவில்லை என்றேன். அது உண்மை.

அவளுடைய தங்கை கிளாடிஸ் சாத்தான்குளத்தில் பள்ளிக்கூட டீச்சர். லீவுக்கு அக்காவைப் பார்க்க வந்தாள். பஸ்ஸில் வந்த களைப்பில் கட்டிலருகே உட்கார்ந்து கிண்ணத்துத் தண்ணீரை மொண்டு குடித்தாள். குடித்த வேகத்தில் தரையிலேயே துப்பிவிட்டாள்.

"அத்தான், இது கெணத்துத் தண்ணில்லா? அக்காவுக்கு இதையா குடுக்கிய?"

"நல்ல தண்ணி தொட்டிக்கு வேணும்" என்றேன்.

அவள் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தலையணையில் சாய்ந்திருந்த பிளாரன்ஸ்தான் முதலில் பேசினாள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். கோபமே இல்லை, ஏதோ ஒரு கவலை தீர்ந்த மாதிரி இருந்தது.

"அப்போ என் நாக்கு நல்லாத்தான் இருந்திருக்கு."

அவள் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி. கிளாடிஸ் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வெள்ளிக்கிழமை காலையில் பிளாரன்ஸ் இறந்தாள்.

கொல்ல வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். அப்படி நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தெரியாமல் செய்தாயா என்று கேட்டால், அப்படியும் சொல்ல முடியாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் போகும், உப்பு போகாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் தூங்கும்போது ஒருநாள் அந்த மிதவைக் கண்ணாடியைக் குப்பித் தண்ணீரிலும் போட்டுப் பார்த்தேன். நல்ல தண்ணீரில் ஒன்றும் காட்டாது, இதில் அரை டிகிரி காட்டியது. தொட்டியில் அரை டிகிரி ஏறியிருந்தால் நான் பதறிப்போயிருப்பேன். கண்ணாடியைக் கழுவித் துடைத்து எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, குப்பியைப் பழையபடி கவிழ்த்துக் கட்டினேன். தெரிந்துதான் செய்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு வருத்தம். நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்த மறுநாள் கிளாடிஸ் தொட்டியைக் காலி செய்துவிட்டாளாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டு மீன்களையும் ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்க் கடலில் விட்டாளாம். உடனே நீந்திப் போய்விட்டன என்று ஏட்டையா சொன்னார்.