ஆடி மூன்றாம் வெள்ளிக்கு ஒரு மாலை

ரோஜா மணி உருட்டுவதற்கு முன்னால் கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விழுது விரலோடு வந்துவிடும். நீங்கள் இதை எழுதிக்கொள்ளவில்லை, இன்ஸ்பெக்டர் அம்மணி. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், முதல் இதுதான்.

என் பெயர் மாசாணியம்மாள். காரமடையில் அம்மன் பக்தர்களுக்கு ஜெபமாலை செய்கிறேன். பூவில் தொண்ணூற்றொன்பது மணி, பவானி ஆற்றுக் கூழாங்கல்லில் ஒன்பது. பதினொரு பூமணிக்கு ஒரு கல். இதழை அரைத்து இரும்புச் சட்டியில் சுருளக் கிளறினால் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அப்புறம் அது எந்த ரோஜா என்று பெற்ற செடிக்கே அடையாளம் தெரியாது.

புதுப் பூ சரிப்படாது, மணி விண்டுபோகும். நாலு பேர் மிதித்து வெயிலில் வாடிய இதழுக்குத்தான் பிடிமானம். என் வீட்டுக்காரர் செத்தபோது அவர் ஊர்வலத்தில் இறைத்த பூவைப் பொறுக்கிச் செய்ததில் தெரிந்துகொண்டேன். அந்த மாலையை வாங்கியவர் மகளுக்கு உடனே கல்யாணம் கூடிவந்தது. அதிலிருந்து பன்னிரண்டு வருடமாக, எந்தச் சாவு ஊர்வலம் போனாலும் பின்னால் ஒரு பையோடு நானும் போவேன். இந்த அம்மாவுக்கு எத்தனை பாசம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். நான் மறுத்ததில்லை.

எதிர்வீட்டுக் கயல்விழி ஆனி பிறந்ததும் வந்தாள். அவள் மாமனார் ரங்கராஜ், ரிட்டயரான ஹெட்மாஸ்டர், நுரையீரல் கெட்டு ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்தார்.

"அக்கா, ஆடி மூணாம் வெள்ளிக்கு மாலை வேணுமுங்க. மாமாவுக்கு ஆயுசு கேக்கோணும்" என்றாள்.

கட்டாயம் தருகிறேன் என்றேன். சொன்ன நாள் தவறினேன் என்று என்னை யாரும் சொன்னதில்லை.

சோதனையைப் பாருங்கள், ஆனி முழுக்க எங்கள் பக்கத்தில் ஒருவரும் சாகவில்லை. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மணி காய்வதற்கே பன்னிரண்டு நாள் வேண்டும், ஆடியும் பிறந்துவிட்டது. அம்மன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் கயல்விழி, ரேஷன் கடைக்குப் போய்வரும்வரை மாமாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். இவரிடம் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்தேன். ஆளுக்கொரு மாலை கொண்டுவந்தால்கூடத் தெரு நிறைந்துவிடும். எழுந்து மெஷினின் பிளக்கைக் கழற்றினேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "கரண்டு போயிருச்சா, அம்மணி?"

"இப்ப வந்துருமுங்க" என்றேன்.

மரியாதையான மனுஷர். கடைசிவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். முடிந்ததும் பிளக்கைத் திரும்ப மாட்டினேன். அலமாரி மேல் அவர் மகன் கேமரா வைத்திருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முந்தானையையாவது சரிசெய்திருப்பேன். துக்கமெல்லாம் அடங்கி அதைப் பார்க்க அவனுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது.

பூ நான் நினைத்ததைவிட அதிகம். மூன்று பை நிறைந்தது. ஒரு மணிகூட விண்டுபோகவில்லை. வியாழக்கிழமை மதியம் கோத்து முடித்தேன், சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள்.

எனக்கு வருத்தம் என்றால் கயல்விழி மேல்தான். வெள்ளி போய் நாலு நாள் ஆகிறது, இன்னும் வந்து வாங்கவில்லை. அத்தனை ஆசையாகக் கேட்டாளே என்றுதான் இவ்வளவும் செய்தேன். உங்கள் மேசையில் கவருக்குள் இருப்பது அந்த மாலைதான், தண்ணீர் படாமல் அவளிடம் கொடுத்துவிடுங்கள். மனசார உருட்டினால் அம்மன் கைவிட மாட்டாள், மாமாவுக்கு ஒரு குறையும் வராது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.