மறைத்துவிட்ட கை

தேநீர் கொடுத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் புவான். இனிப்புதான் கொஞ்சம் தூக்கல். அடுத்து இந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்காவது சீனியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

முதலில் என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் ஸ்டூடியோ. விளம்பரத்திலோ நாடகத்திலோ இல்லாத ஒரு பொருளைக் காட்சிக்குள் வைக்க வேண்டுமென்றால், அதைப் படம்பிடித்தபோது கேமரா எங்கே நின்றது, எப்படி நகர்ந்தது என்று தெரிந்தாக வேண்டும். அதைக் கண்டுபிடிப்பவன் நான். சுவர் மூலை, ஜன்னல் சட்டம், தரை ஓட்டின் விளிம்பு என்று அசையாத இடங்களாகப் பார்த்துத் திரையில் புள்ளிகள் வைப்பேன். மென்பொருள் அவற்றைப் பின்தொடர்ந்து கேமரா நின்ற இடத்தைச் சொல்லிவிடும். சில சமயம் ஒரு புள்ளி வைத்த இடத்தை விட்டு நழுவி, பக்கத்தில் போகிற எதையாவது பிடித்துக்கொண்டு போய்விடும். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன், இன்றும் எனக்குக் குமட்டும். வைத்த இடத்தில் இருக்கத் தெரியாத எதுவும் எனக்கு அருவருப்புதான்.

என் தங்கை லோகேஸ்வரி அப்படி நழுவினாள்.

மாப்பிள்ளை சிவநேசன் புக்கிட் தெங்காவில் முலாம் பூசும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவள்மேல் கை நீளும், அதை நான் மறுக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். வலது மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தியிருக்கிறான். தோல் உரிந்து, நீர் கோத்து, சீழும் மருந்துமாக ஒரு வாடை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒரு வாரம் மட்டும் இங்க இருந்துக்கிறேன்."

"கைய மேசமேல வைக்காத," என்றேன்.

அன்று சாயங்காலமே சிவநேசனுக்குப் போன் போட்டு வரவழைத்து, கூட அனுப்பிவைத்தேன். மூன்று மாதம் கழித்து அவள் யாரிடமும் சொல்லாமல் காணாமல் போனாள். கோயிலில் ஆளாளுக்கு என்னிடம் விசாரித்தார்கள். அந்த அனுதாபப் பார்வை இருக்கிறதே, சட்டையில் எச்சில் பட்டது போல இருந்தது.

போன மாதம் கைப்பேசியில் ஒரு சமையல் வீடியோ கண்ணில் பட்டது. நண்டுப் பிரட்டல். சமைப்பவள் முகம் தெரியவில்லை, குரலும் இல்லை. டின்களில் இருந்த லேபிளைக்கூடக் கிழித்திருந்தாள். ஆனால் அடுப்பில் இருந்தது ஒற்றைக் காது உடைந்த எங்கள் வீட்டு அலுமினியச் சட்டி. ஒரு கையில் கைப்பேசியைப் பிடித்தபடி, மறு கையால் கிளறி, நடுவில் ஜன்னல் வரை போய்த் திரும்புகிறாள். ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக்கும் அதன் உச்சியில் சிவப்புத் தண்ணீர்த் தொட்டியும். பட்டர்வொர்த்தில் ஃபெரி விட்டு இறங்கும்போது நான் பலமுறை பார்த்த தொட்டி.

வீடியோவை வேலைக் கணினியில் ஏற்றினேன். அசைவது எதுவும் கணக்கைக் கெடுக்கும், அதனால் ஆட்களைச் சுற்றிக் கோடு போட்டு மறைத்துவிடுவது எங்கள் வழக்கம். அவள் கையை மறைத்தேன். மணிக்கட்டில் அந்தத் தழும்பு தெரிந்தது, அதைத் திரும்பவும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. மீதி இடத்தில் நாற்பது புள்ளிகள். தரை ஓடு ஒன்றுக்கு ஓர் அடி என்று அளவு கொடுத்தேன். ஒரு புள்ளிகூட நழுவவில்லை. ஆறாவது மாடி, எதிர் பிளாக்கின் படிக்கட்டிலிருந்து பார்த்தால் இடப்பக்கம், கடைசிக்கு முந்தின வீடு. அவ்வளவு சுத்தமான வேலையை நான் அதிகம் செய்ததில்லை.

கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னதும் சிவநேசன் ஸ்டூடியோ வாசலுக்குக் காரில் வந்தான், நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அழுதான், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தான். அவனும் எனக்கு அருவருப்புதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"மச்சான், எங்கன்னு மட்டும் சொல்லுங்க. பேசிக் கூட்டிட்டு வந்துர்றேன்லா."

அவன் காலடியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. மூடி சரியாக மூடவில்லை போல, வாடை மூக்கைக் குத்தியது.

"இது என்ன மாப்பிள்ளை?"

"பேச்சு சரிவரலன்னா."

நான் கார் கண்ணாடியை இறக்கிவிட்டேன். பிறகு வீட்டு எண் எழுதிய தாளைக் கொடுத்தேன். அது திராவகம் என்று தெரியுமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தெரியும், புவான்.

வெள்ளிக்கிழமை அந்தக் கதவைத் திறந்தது வடிவம்மாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவர், ஐம்பத்தெட்டு வயது. சாப்பாடு கொண்டுவரும் பையன் என்று நினைத்துத் திறந்திருக்கிறார். சிவநேசன் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, கதவு அசைந்ததும் வீசிவிட்டு ஓடிவிட்டான். ஞாயிறன்று ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாளைப் பார்த்தேன். கட்டின் ஓரத்தில் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது. ஒரு கண் போய்விட்டது என்றார்கள். ஆரஞ்சுப் பழப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு, வெளியே வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

எனக்குத் தூக்கம் போனது. என் வேலையில் இப்படி ஒரு தவறு வந்ததே இல்லை. திங்களன்று லீவு போட்டு, மறைத்த கோட்டை எடுத்துவிட்டு அவள் கையைப் பார்த்தேன். தழும்பு இடது மணிக்கட்டில் இருந்தது. கிளறுவதும் இடது கை. என் தங்கை இடது கைக்காரி இல்லை. யாரும் இடத்தை அடையாளம் காணக் கூடாதென்று, படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறாள். நான் கண்டுபிடித்தது கண்ணாடிக்குள் இருக்கிற வீடு. அந்தக் கையை ஒரே ஒரு விநாடி பார்த்திருந்தால் போதும். அந்த அம்மாளுக்கு நடந்ததற்காக உண்மையிலேயே வருத்தப்படுகிறேன். அது அவருக்கு உரியது இல்லை.

படத்தைத் திருப்பி மறுபடி கணக்குப் போட்டேன். இப்போது படிக்கட்டுக்கு வலப்பக்கம். எங்கள் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. கொடுத்த வேலையில் பிழை தெரிந்தால், வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்க மாட்டோம், திருத்தி அனுப்பிவிடுவோம்.

சிவநேசன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது, இது சத்தியம். அவன் கைப்பேசி மட்டும் வேலை செய்கிறது. இன்று காலை இங்கே வருவதற்கு முன்னால் சரியான வீட்டு எண்ணை அனுப்பினேன். நான் இந்த ஸ்டேஷன் படியேறும்போதே, அவன் படித்துவிட்டான் என்று நீல டிக் விழுந்துவிட்டது.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், புவான். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.