பனி உருகிய தண்ணீர்
எங்கள் ஓடைத் தண்ணீரில் தேயிலை நன்றாக இறங்கும், சார்.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு இரவு ஷிப்ட். தண்ணீரிலுள்ள நைட்ரேட் எங்கிருந்து வந்தது என்று பார்க்கும் கருவி என் பொறுப்பு. நைட்ரஜனில் கனமான அணுவும் லேசான அணுவும் உண்டு. உரமென்றால் ஒரு விகிதம், விலங்குக் கழிவென்றால் வேறு விகிதம். இமயமலையில் பனி உருகும் காலத்தில் ஓடைகளில் பிடித்த தண்ணீரும் எங்களுக்கு வரும். சோதித்த மீதி உறைபெட்டியில் கிடக்கும்.

வாரம் முழுக்கத் தம்பானூர் லாட்ஜ். ஞாயிறு மட்டும் பாறசாலைப் பக்கம் வீட்டில். வீட்டுக்கு மேலே மேட்டில் என் அக்கா ஞானபாயின் பன்றிக் கொட்டில். பன்றி வளர்த்துத்தான் என்னைப் படிக்கவைத்தாள். ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்காக நான் செய்த ஒரே வேலை, கொட்டில் கழிவு ஓடைக்குப் போக வாய்க்கால் வெட்டியது.

என் மனைவி ஜினிக்குப் பால் சுரக்கவில்லை. மகள் ஆர்ஷாவுக்குப் பால்பொடிதான். குழந்தையின் உதடு நீலமானபோது ஜினி ஓடைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துத் தந்தாள்.

"வாயால சொன்னா பற்றாது, கடலாசுல எழுதி வேணும். நீங்க உங்க அக்காளுக்க ஆளு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மறுநாள் ஷிப்டிலேயே சோதித்தேன். நைட்ரேட் மிக அதிகம்; கைக்குழந்தையின் உதட்டை நீலமாக்குவது அதுதான். விகிதம் கொட்டிலைக் காட்டியது. அந்தத் தாள் ஜினி கைக்குப் போனால் அக்காவின் பிழைப்பு போகும். மழை விட்டதும் வாய்க்காலைத் திருப்பிவிடலாம் என்றிருந்தேன். ஆகவே பனி உருகிய தண்ணீரை எங்கள் ஓடையின் பெயர் எழுதிய குப்பியில் ஊற்றிக் கருவியில் மறுபடி ஓட்டினேன். அதில் வந்த தாளை அடுத்த ஞாயிறு ஜினியிடம் கொடுத்தேன்.

"தண்ணி நல்லதுண்ணா பிள்ள எதுக்கு நீலிக்குது?" என்று கேட்டாள்.

சளியாக இருக்கும், நன்றாகக் காய்ச்சிக் கொடு என்றேன். அவள் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சினாள். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, சுண்டச் சுண்டக் கூடும். இது எனக்குத் தெரியும்.

ஆர்ஷாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியது அக்காதான். அதே தண்ணீரில்.

தண்ணீர் நல்லதென்று தாள் சொல்கிறது. அப்படியென்றால் தாய்தான் பாலில் எதையோ கலந்திருக்கிறாள் என்று ஜினியை ஸ்டேஷனில் வெளியே உட்காரவைத்திருக்கிறீர்கள். அவளும் தன் கைதான் பிழை செய்தது என்று நம்புகிறாள். அவளை அனுப்பிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், சார். தாளில் இருக்கும் எண் பொய்யல்ல. கருவி காட்டியதைத்தான் எழுதினேன்.