தரம் பிரிக்கும் இயந்திரம்

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, குடிக்கிறேன்.

என் பெயர் பூஜெமா. தோல்கா ஊர்ப் பேரீச்சம்பழக் கிடங்கில், பழங்களைத் தரம் பிரிக்கும் பெண்களுக்கு மேற்பார்வையாளன். பெரும்பாலும் விதவைகள், புருஷன் விட்டுப்போனவர்கள். மகள்களைப் போலத்தான் வைத்திருந்தேன். கிடங்கில் எவள் சிரித்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

இந்த அறுவடைக்கு முன்னால் முதலாளி ஒரு இயந்திரம் வாங்கினார். கேமராவால் பழத்தைப் பார்த்து, சொத்தையைக் காற்றால் ஊதித் தள்ளும். அதைப் பொருத்த அல்ஜியர்ஸிலிருந்து ஸுஹைர் என்ற மெக்கானிக் வந்தான். நல்லவன். பெண்களுக்குத் தன் கையாலேயே தேநீர் ஊற்றித் தருவான்.

“மாமா, இனிமே உங்களுக்குத் தொண்டை கட்டாது. கத்துற வேலையெல்லாம் மிச்சம்” என்றான் ஒருநாள். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இயந்திரம் ஓடத் தொடங்கினால் இவர்கள் கதி என்ன என்று யாராவது யோசிக்க வேண்டுமல்லவா? நான் யோசித்தேன்.

வியாழன் மதியம் எல்லோரும் தொழப் போயிருந்தார்கள். வெள்ளோட்டத்தில் உருளைகளுக்கிடையே சிக்கிய சக்கையை எடுக்க ஸுஹைர் உள்ளே இறங்கினான். கவனமானவன். சுவிட்சைப் பூட்டிவிட்டுத்தான் இறங்கினான்.

“சாவி பத்திரம், மாமா” என்று என் கையில் கொடுத்தான்.

அவன் தோள் உள்ளே போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு பூட்டைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நிறுத்தச் சொல்கிறான் என்பது புரிந்தது. அப்புறம் கூப்பிடவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு யமீனா என்ற பெண்ணிடம், “இனி உங்களை யாரும் வேலையைவிட்டு அனுப்ப மாட்டாங்க” என்று ஆறுதல் சொன்னேன்.

அவள் விழித்தாள். “எங்களையா? எங்களைப் பெட்டி கட்டுற வேலைக்கு மாத்தறதாத்தானே மாமா பேச்சு. சரக்கு கூடும், இன்னும் ஆள் வேணும்னு என் தங்கச்சியையும் வரச் சொன்னாங்க. மேற்பார்வைக்கு மட்டும்தான் ஆள் வேண்டாமாம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நாங்களே முழிச்சிட்டிருந்தோம். இப்பக் கிடங்கையே பூட்டிட்டாங்க. நாங்க எங்க போவோம்?”

பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்று என் முகத்தைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போனாள். ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது அவளாகத்தான் இருக்கும். கோபமில்லை.

அவள் சொன்னது எனக்குப் புதிதும் இல்லை, ஐயா. முதலாளி ஸுஹைரிடம் அதைப் பேசியபோது கதவுக்கு வெளியே நான்தான் நின்றிருந்தேன்.

ஆனால் நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்களுக்காகத்தான் செய்தேன்.