ஆபீஸ் ஆடு தின்ற சாமை

அந்த வறட்சி நிவாரண அதிகாரி வேலை செய்யாமலே பொய் எழுதுகிறவர். ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு மலை விவசாயி தன் மச்சானிடம் சொன்னது இது.

"மலக் கொல்லையில பயிரப் பாக்க மேல ஏற முடியாது, காஞ்ச பயிரக் கொண்டாந்து காட்டுன்னாரு. ஒரு கட்டு சாமையத் தலையில தூக்கினு போய் ஆபீஸ் வாசல்ல வெச்சேன்."

"அப்புறம் இன்னா மாமா?"

"அவரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள வாட்ச்மேன் ஆடு மொத்தத்தையும் தின்னுட்சி."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"வந்து இன்னா சொன்னாரு?"

"ஆடு இவ்ளோ ருசிச்சுத் தின்னுதே, அப்ப நல்ல பயிர்தான், நிவாரணம் கெடையாதுன்னு எழுதிட்டாரு."

"ஆட்டையே கையெழுத்து போடச் சொல்றதுதானே?" என்றான் மச்சான்.

விவசாயியும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சிரிடா மச்சான். விதைக்கு வெச்சிருந்ததையும் பசிக்கு ஆக்கித் தின்னாச்சு. அந்தப் பணம் வரலன்னா, மழ பேஞ்சாலும் வெதைக்க ஒரு பிடி சாமை இல்ல."

அதிகாரி ஐயா, அடுத்த சந்தையன்று ஜமுனாமரத்தூர் வந்து எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்: இவர் கொல்லையில் எதை விதைப்பார்?