உரிமையாளர் இல்லாத எண்பத்தாறு கோப்புகள்

— கையை எடும், தேனுகா. அந்தக் கொம்பியூட்டரில இனி ஒண்டும் தொடேலாது.

— யோகலிங்கம் ஐயா, நாளைக்குக் காலமை குளம் திறக்கினம். நான் செய்து தந்த தண்ணி முறைச் செயலியில நாலாம் வாய்க்கால் விடுபட்டுப் போச்சு. மடை திறக்கிறவர் அதைப் பாத்துத்தான் திறப்பார். என்ர பிழைதான். ரெண்டு வரி மாத்தினாக் காணும்.

— பிழை கிடக்கட்டும். உம்மட செயலியின்ர எண்பத்தாறு கோப்பையும் அச்செடுத்துப் படிச்சனான். எல்லாத்தின்ர தலையிலயும் ஒரே வசனம். ‘உரிமையாளர்’ எண்டு போட்டு வெறுங் கோடு. கீழ, ‘உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியின்றி மாற்றலாகாது.’

— ஐயோ, அது நான் எழுதினதில்லை. ஒரு மென்பொருள் கருவியை ஓட்டினா, அது தானாவே மாதிரிக் கோப்புகளைச் செய்து, மேல அந்த வசனத்தையும் போட்டுத் தரும். நான் கையால எழுதினது ஏழுதான்.

— அப்ப மிச்சம் எழுபத்தொன்பதும் ஆருக்குச் சொந்தம்?

— ஒருத்தருக்கும் இல்லை. கருவியைச் செய்த ஆக்கள் தங்களுக்கு உரிமை வேண்டாமெண்டு எழுதியே வைச்சிருக்கினம். பாவிக்கிற ஆள் தன்ர பேரைப் போடலாம், இல்லாட்டி வசனத்தை அழிக்கலாம். நான் ரெண்டும் செய்ய மறந்திட்டன்.

— பிள்ளை, நான் முப்பது வருசம் காணிக் கந்தோரில கிளாக்கர். இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனம், பேரில்லாத காணிப் பெர்மிற்றோட வரிசையில நிண்டதைப் பாத்தனான். அதில என்ர தங்கச்சியும் ஒராள். வெறுங் கோட்டைக் கண்டா எனக்கு இப்பவும் ஒரு பேரை எழுதாம விடேலாது.

— சரி, நீங்கள் செயலாளரா இருக்கிற கமக்கார அமைப்பின்ர பேரைப் போடுவம். முடிஞ்சுது.

— அமைப்புக்குக் கையிருக்கே கையெழுத்து வைக்க? நேற்றே நான் அங்கத்தவர் எல்லாற்ற பேரையும் போட்டிட்டன். நூற்றி முப்பத்தாறு பேர். ஒராளை விட்டாலும் பொதுக்கூட்டத்தில கதை வரும்.

— எண்பத்தாறு கோப்பிலயுமோ?

— ஓம். விடிய விடிய.

— என்ர பேர்?

— நீர் அங்கத்தவர் இல்லையே.

— அப்ப என்ர பிழையைத் திருத்த நான் நூற்றி முப்பத்தாறு பேரிட்டயும் அனுமதி வாங்கவேணுமோ?

— அப்பிடித்தானே எழுதிக்கிடக்கு. ஒன்பது பேர் கனடாவில. சிற்றம்பலம் செத்து அஞ்சு வருசம், ஆனா அங்கத்தவர் இடாப்பில இன்னும் பேர் இருக்கு.

— ஐயா, நாலாம் வாய்க்காலிலதானே உங்கட வயலும் கிடக்கு? இந்த முறை தண்ணி பாயாட்டி முளைச்சது அவ்வளவும் கருகிப் போகும்.

— தெரியும், பிள்ளை. அதுதான் முதல் கையெழுத்தை நானே வைச்சிட்டன். இந்தாரும், மிச்ச நூற்றி முப்பத்தைஞ்சையும் வாங்கிக்கொண்டு வாரும்.