ஸ்க்ரூ இல்லாத மிக்ஸி

ரூபா: மெதுவாடா தௌசிப்! மெதுவா... அந்தக் கிளிப்பை உடைச்சே, உன் மண்டையை உடைப்பேன்!

தௌசிப்: அப்ப நீயே திற. டிசைன் இன்ஜினியர் மேடம் நீ. நான் சாதா லைன் சூப்பர்வைசர்.

ரூபா: இது திறக்கறதுக்கு டிசைன் பண்ண மிக்ஸி இல்ல. மூடறதுக்கு டிசைன் பண்ணது.

தௌசிப்: அதான் கொடுமை! பழைய மாடல்ல அடிமூடிக்கு ஆறு ஸ்க்ரூ. நீ வந்தே, ஆறையும் தூக்கினே, நாலு பக்கமும் நாலு கிளிப் வெச்சே. மூடியை வெச்சு ஒரு அமுக்கு, 'டக்'. முடிஞ்சுது வேலை. தலைகீழா மாட்டலாம்னு நினைச்சாக்கூட மாட்டாது. எல்லாம் சரி... பிரிக்கறதுக்கு என்ன வெச்சே?

ரூபா: ஒண்ணும் வெக்கலை. போதுமா? இன்னொரு தடவை ஆட்டு.

தௌசிப்: இந்தா... கேட்டியா? கடகட கடகடன்னு! எங்க அக்கா குழந்தைக்கு இதைவிட நல்ல கிலுகிலுப்பை கிடைக்காது.

ரூபா: சிரிக்காதடா. ஆர்டர் கொடுக்கற பூபதி சார் பெங்களூர்ல இருந்து கிளம்பியாச்சு. அந்த மனுஷன் எதைக் கையில கொடுத்தாலும் காதுகிட்ட வெச்சுத் தேங்காய் மாதிரி ஆட்டிப் பார்ப்பாரு. சத்தம் வந்தா ஆர்டர் போச்சு, என் டிசைன் போச்சு. மறுபடி ஆறு ஸ்க்ரூதான். நான் மறுபடி அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் வரையப் போகணும்.

தௌசிப்: ஸ்டிக்கர் நல்லாதான் வரைவே. அந்தச் சட்னி படம் இப்பவும் கண்ணுல நிக்குது.

ரூபா: தௌசிப்...

தௌசிப்: சரி சரி. வேற பீஸைக் காட்டிடலாமே?

ரூபா: மொத்தமே ரெண்டுதான் செஞ்சோம். ஒண்ணை நேத்து அவருக்கே அனுப்பியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. மூடி வார்க்கற மோல்டு திருத்தத்துக்குப் போயிருக்கு, கிளிப் உடைஞ்சா வேற மூடிகூடக் கிடையாது.

தௌசிப்: அவர்கிட்டதான் ஒண்ணு இருக்குல்ல? அப்புறம் எதுக்கு இப்படி விழுந்தடிச்சு வர்றாரு?

ரூபா: தெரியல. 'நேர்ல பேசிக்கலாம்'னாரு, போனை வெச்சுட்டாரு. பிடிச்சுப் போயிருக்கும்.

தௌசிப்: பிடிச்சா வாட்ஸ்அப்புல ஒரு கட்டைவிரல் போதும். பிடிச்சதைச் சொல்றதுக்கா ஒசூர் வரைக்கும் வருவாங்க?

ரூபா: நல்ல வார்த்தையே வராதா உனக்கு? வண்டி எங்க இருக்காம்?

தௌசிப்: சந்தாபுரா தாண்டியாச்சாம். 'ஐது நிமிஷா சார்'ங்கறான் டிரைவர்.

ரூபா: அவன் அஞ்சு நிமிஷம் அத்திப்பள்ளி ஜாமைத் தாண்டின அப்புறம்தான் ஆரம்பிக்கும். நேரம் இருக்கு. நீ... நீ போய் கேட்ல நில்லு. நான் திறந்துக்கறேன்.

தௌசிப்: நீ போய் நில்லு. நான் திறக்கறேன்.

ரூபா: நான் எதுக்கு?

தௌசிப்: பூங்கொத்து உன் கையில இருந்தா அழகா இருக்கும்.

ரூபா: அது நம்ம மேனேஜர் ராஜசேகர் சார் கையில இருக்கு. காலையில இருந்து அதைக் கீழேயே வெக்கல. கேன்டீனுக்கே அதோடதான் போனாரு. நீ போடா.

தௌசிப்: போக மாட்டேன்.

ரூபா: ஏன்?

தௌசிப்: நீ ஏன் என்னை விரட்டறே?

ரூபா: யாரு விரட்டினா? சரி... பிடி. இந்தப் பக்கம் அமுக்கு.

தௌசிப்: விட்டுச்சு! இந்தக் கிளிப் விட்டுச்சு!

ரூபா: அந்தக் கிளிப் மறுபடி கவ்விக்கிச்சு.

தௌசிப்: என்ன வம்சம்டா இது? ஒண்ணை விட்டா ஒண்ணு கடிக்குது!

ரூபா: நாலையும் ஒரே நேரத்துல தள்ளணும். உன் ஐடி கார்டைக் கழட்டு. இடுக்குல சொருகு. இது என் கார்டு. வேற என்ன வெச்சிருக்கே?

தௌசிப்: கேன்டீன் கார்டு. சாம்பார் ஒட்டியிருக்கும், பரவால்லயா?

ரூபா: குடு. இது என் லைசென்ஸ். நாலு ஆச்சு. நீ ரெண்டு, நான் ரெண்டு.

தௌசிப்: நம்ம நாலு கையும் அதுலயே போச்சு. மூடியை யாரு தூக்கறது? பல்லாலயா?

ரூபா: இன்னொரு ஆள் வேணும்.

தௌசிப்: முனிலட்சுமியக்காவைக் கூப்பிடறேன். இதை மூடினதே அவங்கதான்.

ரூபா: வேணாம்! ஆளு சேரச் சேர... பேச்சு வெளிய போகும்.

தௌசிப்: ஆமா. எனக்கும் வேணாம்னுதான் தோணுது.

ரூபா: உனக்கு ஏன்?

தௌசிப்: சும்மாதான்... இரு, போன். ஹலோ? ஆங்... ஆங். ரூபா, அத்திப்பள்ளி தாண்டிட்டாங்க! ஜாமே இல்லையாம்!

ரூபா: என்னைக்கும் இல்லாத திருநாளா இன்னிக்கா? கூப்பிடு! அக்காவைக் கூப்பிடு!

தௌசிப்: முனிலட்சுமியக்கா! கொஞ்சம் இப்படி வாங்க!

முனிலட்சுமி: நானா சார்? கை முழுக்க கிரீஸு சார். கழுவிக்கினு...

தௌசிப்: கிரீஸோடவே வாங்க. ரூபா மேடம் கூப்பிடறாங்க.

முனிலட்சுமி: இன்னா மேடம்... ஐயோ, அதை ஏன் பிரிக்கறீங்க? நல்லாதானே மூடியிருக்குது.

ரூபா: உள்ள என்னமோ கடகடங்குதுக்கா. நாங்க ரெண்டு பேரும் கார்டை அமுக்கறோம். நீங்க மூடியை அப்படியே மேல தூக்குங்க.

முனிலட்சுமி: கடகடன்னா கடகடங்கட்டும் மேடம். மிக்ஸின்னா சத்தம் போடும்தானே?

தௌசிப்: ஸ்விட்ச் போட்டாதான் சத்தம் வரணும்க்கா. இது சும்மா வெச்சிருக்கும்போதே பேசுது. ரெடியா மேடம்?

ரூபா: ரெடி சார். ஒண்ணு... ரெண்டு... தூக்குங்கக்கா!

முனிலட்சுமி: வந்துச்சு!

தௌசிப்: உடையல! ஒரு கிளிப்கூட உடையல!

ரூபா: தள்ளு. நான் பாக்கறேன்.

தௌசிப்: நீங்க தள்ளுங்க மேடம். நான்தான்...

ரூபா: கையை எடு!

முனிலட்சுமி: இதென்ன மேடம், மோட்டாருக்குப் பக்கத்துல காகிதப் பொட்டலம்? குங்குமம் மாதிரி...

தௌசிப்: குங்குமமா? யாரோ ஒருத்தங்க, முதல் பீஸுக்குப் பூசை போடலாமான்னு லைனே கேட்டப்போ, 'இது தொழிற்சாலை, கோயில் இல்ல'ன்னு லெக்சர் கொடுத்தாங்களே? யாரது?

ரூபா: ...மலைக்கோயில் குங்குமம். எங்கம்மா கொடுத்தது. மூடறதுக்கு முன்னாடி ஓரமா வெச்சேன். இப்ப என்ன?

தௌசிப்: அதான் என்னை கேட்டுக்கு விரட்டினியா! அடிப்பாவி!

முனிலட்சுமி: சார், இந்தப் பக்கம் ஒரு தாயத்து இருக்குது.

ரூபா: தௌசிப் சார். 'லைனில் அந்நியப் பொருட்களுக்கு அனுமதி இல்லை'ன்னு செவத்துல போர்டு மாட்டினது யாரு?

தௌசிப்: எங்கம்மா காத்தூன் பேகத்தை உனக்குத் தெரியாது. தர்காவுல இருந்து வாங்கிட்டு வந்து, 'உள்ள வெச்சியா, வெச்சியா'ன்னு போன் மேல போன். வெக்கலன்னா வீட்ல சோறு கிடையாது.

ரூபா: ஆனா... இரு. பொட்டலம் காகிதம். உன் தாயத்து துணியில தெச்சது. ரெண்டும் கடகடங்காதே?

தௌசிப்: அட, ஆமா! இப்ப ஆட்டு... இன்னும் சத்தம் வருது!

ரூபா: கவிழ்த்துத் தட்டு. மெதுவா... விழுந்துச்சு!

தௌசிப்: ஸ்க்ரூ!

ரூபா: ஸ்க்ரூவா? ஸ்க்ரூவே இல்லாத மிக்ஸிக்குள்ள ஸ்க்ரூ எப்படி வந்துச்சு? ஸ்க்ரூ கன்கூட ஸ்டோருக்குப் போயாச்சே!

தௌசிப்: நம்ம பழைய மாடல் ஸ்க்ரூதான். முனிலட்சுமியக்கா... எங்க போறீங்க?

முனிலட்சுமி: கை கழுவ சார்.

ரூபா: அக்கா. இங்க பாருங்க.

முனிலட்சுமி: திட்டாதீங்க மேடம். நான் இங்க சேர்ந்த நாள்ல இருந்து ஸ்க்ரூ போட்டுக்கினே இருந்தவ. இப்ப வெறுமனே 'டக்'குனு மூடி அனுப்பறதுக்கு... பொட்டு வெக்காம பொண்ணை அனுப்பற மாதிரி இருந்துச்சு. போடத்தான் ஓட்டை இல்ல, உள்ளயாவது ஒண்ணு இருக்கட்டும்னு...

தௌசிப்: மோட்டாருக்குள்ள போயிருந்தா மிக்ஸியே பொட்டுன்னு போயிருக்கும்க்கா!

ரூபா: விடு, விடு. அக்காவைத் திட்ட நமக்கு வாய் இருக்கா? எல்லாத்தையும் வெளிய எடு. மூடி வை. அமுக்கு.

தௌசிப்: 'டக்'.

ரூபா: ஆட்டு.

தௌசிப்: ...மூச்சுச் சத்தம்கூட இல்ல!

ரூபா: பார்த்தியா? ஒரே அமுக்கு! இதாண்டா டிசைன்! ஆர்டர் நம்மளுதுதான். வண்டி எங்க?

தௌசிப்: ஜூஜுவாடி தாண்டி கேட்டுக்கே வந்துட்டாங்க. ஜன்னல்ல தெரியுது பாரு. ராஜசேகர் சார் பூங்கொத்தை நீட்டறாரு... பூபதி சார் வாங்கல.

ரூபா: ஏன்?

தௌசிப்: கை காலி இல்ல. கையில நம்ம மிக்ஸி. நேத்து அனுப்பினது. அதைக் காதுகிட்ட வெச்சு... ஆட்டிக்கிட்டே வர்றாரு.

ரூபா: முனிலட்சுமியக்கா... பெங்களூருக்குப் போன பீஸையும் நீங்கதானே மூடினீங்க?

முனிலட்சுமி: ஆமா மேடம். அதுல ரெண்டு போட்டேன்... ஸ்டேட்டு தாண்டிப் போவுதேன்னு.